பைரோஜாவுக்கும் தாணுவுக்கும் நடுவில்

செப்டம்பர் 9, செவ்வாய்

ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, கோபத்தைக் குறையுங்கள் என்றார் டாக்டர். கோபத்தை ஆட்களிடம் காட்டாமல் எழுதித் தொலையுங்கள் என்று இந்த டைரியை மேசையில் போட்டுவிட்டு மனைவி வடிவு பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். எழுதுகிறேன். எழுதினால் குறையுமா என்பது வேறு விஷயம். கோபத்துக்குக் காரணமான இரண்டு பேரும் உயிரோடுதானே இருக்கிறார்கள்.

நாங்கள் நடத்துவது ‘உதிரம்’ என்கிற மென்பொருள். தென்மாவட்டங்களில் உள்ள சின்ன ஆஸ்பத்திரிகளின் ரத்த வங்கிகள், எங்கே எந்த வகை ரத்தம் இருக்கிறது என்று ஒன்றுக்கொன்று தெரிந்துகொள்ள உதவுவது. யாருக்கும் சொந்தமில்லை, யாருக்கும் சம்பளமில்லை. அதன் நிரல் இணையத்தில் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். பொறுப்பாளர்கள் மூன்று பேர். கடையநல்லூரில் பைரோஜா. ஆஸ்பத்திரிக்காரர்கள் ரத்தப் பைகளின் விவரத்தைப் பதிவு செய்கிற கையிருப்புப் பகுதி அவளுடையது. பெங்களூரில் தாணுமூர்த்தி, சுசீந்திரத்துப் பையன். அவசரத்துக்கு ரத்தம் தேடுகிறவர்களுக்கு ‘இங்கே இருக்கிறது’ என்று காட்டுகிற தேடல் பகுதி அவனுடையது. மூன்றாவது ஆள் நான், வேலாயுதபெருமாள், தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருப்பவன். அவர்கள் தனித்தனியாக எழுதுவதை ஒன்றாக இணைத்து, சோதித்து, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது என் வேலை.

போன வருஷம் தாணு அவள் எழுதிய ஒரு பகுதியை அவளைக் கேட்காமலே தூக்கிவிட்டான். அவள் இணையக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், “அவரு வீட்டுச் சுவரா இது, நெனைச்சப்ப இடிக்க?” என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. எல்லோரும் பார்க்கிற எங்கள் இணையப் பொதுப் பக்கத்தில் ஒருவர் எழுதுவதை மற்றவர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எதுவானாலும் எனக்குத் தனியாக மின்னஞ்சல். நான் அதை மற்றவருக்குச் சொல்ல வேண்டும். படித்தவர்கள், அவரவர் ஆபீசில் லட்சத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். பக்கத்து வீட்டில் குழாயடிச் சண்டை போடுகிறவர்கள்கூட இரண்டாம் நாள் பேசிக்கொள்கிறார்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி

தண்ணீர் மோட்டார் மறுபடியும் இரைகிறது. மெக்கானிக் வந்து தட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று சொல்லிப் போனான். அவன் தெரு முனை திரும்புவதற்குள் இரைந்தது.

தாணு ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறான். பைரோஜாவின் பகுதி எங்கே மெதுவாக ஓடுகிறது, ஏன், எப்படிச் சரிசெய்யலாம் என்று படம் போட்டு விளக்கம். நடுவில் ‘அவங்க எழுதியது தப்பில்லை, ஆஸ்பத்திரிகள் கூடிவிட்டன, அதனால்தான்’ என்று ஒரு சமாளிப்பு. இவ்வளவு நீளம் யார் படிப்பார்கள்? நான் பைரோஜாவுக்கு ஒரே வரியில் எழுதினேன்: ‘உங்கள் பகுதி மெதுவாக இருப்பதாகத் தாணு சொல்கிறார். சரிசெய்யவும்.’

உடனே பதில். எங்கே மெதுவாக இருக்கிறது, எப்போதெல்லாம், அவர் ஏதாவது வழி சொன்னாரா என்று வரிசையாகக் கேள்விகள். இந்தப் பெண்ணுக்குத் தானாக ஒன்றையும் கண்டுபிடிக்கத் தெரியாது.

செப்டம்பர் 15, திங்கள்

தாணு இன்று எழுதியதில் பாதி வேலை, பாதி உளறல். கடைசிப் பத்தியை இங்கே குறித்து வைக்கிறேன். எப்படிப்பட்டவர்களோடு காலம் தள்ளுகிறேன் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டாமா. ‘அண்ணாச்சி, போன வருஷம் அவங்க எழுதினதக் கேக்காம எடுத்தது என் தப்புதான். எனக்கு நேரா சொல்ல வாய் வரல. மன்னிப்பு கேட்டேன்னு நீங்க சொல்லிருங்க. அவங்க உம்மாவுக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன், எப்படி இருக்குன்னும் கேளுங்க.’

நான் என்ன கல்யாணத் தரகனா? வேலைப் பகுதியை மட்டும் அனுப்பினேன். மற்றது வேலைக்குச் சம்பந்தமில்லாத விஷயம். இந்தச் சமாதானப் பேச்சையெல்லாம் ஆரம்பித்து வைத்தால் நாளைக்கு இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு, பிறகு இன்னொரு சண்டை போட்டு, அதையும் என் தலையில்தான் கட்டுவார்கள். இப்போது இருக்கிற மாதிரி தூரத்தில் இருந்தால் வேலையாவது நடக்கும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தேங்காய் பறிக்க ஆள் வந்தான். பாதிக் காய் குரும்பை. கேட்டால் மரம் அப்படி என்கிறான்.

தாணுவின் புதிய தேடல் பகுதியை ஆஸ்பத்திரியில் ஒருவர் காட்டினாராம், பைரோஜா பார்த்திருக்கிறாள். ‘ரொம்ப அழகா பண்ணியிருக்காரு அண்ணாச்சி, நான் சொன்னேன்னு சொல்லுங்க’ என்று எழுதியிருக்கிறாள். சொல்லவில்லை. ஏற்கெனவே அவன் தலை கழுத்தில் நிற்பதில்லை.

மகள் பவித்ரா பூனாவிலிருந்து பேசினாள். வடிவிடம்தான் பேசினாள். அப்பாவிடம் சொல்லிவிடு என்று ஏதோ சொல்லியிருக்கிறாள், வடிவு என்னிடம் சொன்னாள். ஒரே வீட்டுக்குள் இருக்கிறேன், போனை என்னிடம் கொடுத்தால் கை தேய்ந்தா போகும்?

செப்டம்பர் 27, சனி

அக்டோபர் முதல் வாரத்தில் புதிய பதிப்பு வர வேண்டும். டெங்கு ஆரம்பித்துவிட்டது. காய்ச்சல்காரர்களுக்குத் தட்டணுக்கள் குறையும்போது தட்டணுப் பை ஏற்ற வேண்டும். அந்தப் பை ஐந்து நாள்தான் தாங்கும், அதற்குமேல் குப்பை. அதனால் ஆஸ்பத்திரிகள் பரபரக்கின்றன. பரபரப்பு வந்தால்தான் இவர்களுக்கு வேலை ஓடும்.

பைரோஜா தன் பகுதியை முடித்து அனுப்பிவிட்டாள். கூடவே ஒரு புராணம். இதுவரை பதிவில் போட்டுவந்தது ரத்தம் எடுத்த தேதி; டாக்டர்கள் கேட்டுக்கொண்டபடி இனிமேல் பையின் லேபிளில் இருக்கிற காலாவதித் தேதியை அப்படியே போடுகிறார்களாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘தாணு சாருக்குக் கூட்டல் போடுறதுன்னா ஆசை. அஞ்சு நாள் கூட்டிக் கூட்டிப் பாத்துக்கிட்டிருந்தாரு. இனி அந்தக் கூட்டல் வேணாம்னு கட்டாயம் சொல்லிருங்க’ என்று ஒரு குத்தல்.

இந்தக் குத்தலை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் அவன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். பதிப்பு தள்ளிப்போகும். ‘பைரோஜா தேதி விஷயத்தில் ஏதோ சில்லறை மாற்றம் செய்திருக்கிறார்’ என்று நாகரிகமாக எழுதினேன். தாணு உடனே என்ன மாற்றம், நான் ஏதாவது பார்க்கணுமா என்று கேட்டான். தேவையில்லை என்றேன். எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்க வேண்டும் இவனுக்கு.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வடிவு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்தாள். திரையில் படாமல் வைக்கச் சொன்னேன். பட்டது.

சாயங்காலம் இரண்டு பகுதிகளையும் இணைத்தேன். இரண்டு பேரும் ஒரே வரியை வேறு வேறு விதமாக மாற்றியிருந்தால் கம்ப்யூட்டர் முட்டி நின்று, எதை வைத்துக்கொள்ள என்று கேட்கும். ஒரு இடத்தில்கூட முட்டவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. பேசிக்கொள்ளாத இரண்டு பேரின் வேலை இப்படிச் சேர வேண்டுமென்றால் நடுவில் இருப்பவன் எப்பேர்ப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று யாராவது ஒரு நிமிஷம் யோசிப்பார்களா?

வரிக்கு வரி படித்துப் பார்த்திருக்கலாம்தான். சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. பழைய சோதனைகளை ஓட்டினேன், எல்லாம் பச்சை, ஒன்றுகூடத் தவறவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

வெளியிட்டாயிற்று. யாரும் நன்றி சொல்லவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

நாகர்கோவில் ரத்த வங்கியின் டாக்டர் எஸ்தர் பேசினார். ஆரம்பத்திலிருந்து ‘உதிர’த்தைப் பயன்படுத்துகிறவர், கொஞ்சம் விவரம் தெரிந்தவர். லேபிளைப் பார்த்து அப்படியே பதிவு செய்வது சுலபமாக இருக்கிறது என்று பாராட்டினார். நன்றி என்றேன். அது பைரோஜாவுக்குப் போக வேண்டிய பாராட்டு என்று வடிவு இடையில் சொன்னாள். போனில் பேசுகிறவனைப் பக்கத்தில் நின்று கேட்பது என்ன பழக்கமோ.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் டாக்டர் எஸ்தர் மறுபடியும். குரலே வேறு மாதிரி இருந்தது.

கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெங்குவோடு ஒரு பெண். தட்டணுக்கள் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தன. அங்கே பை இல்லை. ‘உதிர’த்தில் தேடியிருக்கிறார்கள். நாகர்கோவிலில் இரண்டு பை இருப்பதாகக் காட்டியிருக்கிறது. அன்றைக்கென்று தொலைபேசியை எடுக்க ஆளில்லை. உறுதிசெய்ய நேரமில்லாமல் அந்தப் பெண்ணின் புருஷன், லாரி ஓட்டுநராம், வாடகைக் கார் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். வந்து பார்த்தால் இரண்டு பையும் முந்தின நாளே காலாவதி. வீசுவதற்கு ஒதுக்கி வைத்திருந்தவை. டாக்டர் கொடுக்க மறுத்துவிட்டார்.

“அந்த ஆளு சண்டை கூடப் போடல சார்,” என்றார். “என் மேசை முன்னால உக்காந்து போன நீட்டி நீட்டிக் காட்டுனாரு. இருக்குன்னு போட்டிருக்கே டாக்டர், இருக்குன்னு போட்டிருக்கேன்னு. நான் என்னத்தச் சொல்லுவேன்?”

கடைசியில் தூத்துக்குடியில் பை கிடைத்தது. டாக்டரே நாலு இடத்தில் பேசி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் ஐ.சி.யூ.வில் இருக்கிறாள்.

போனை வைத்தபிறகு மோட்டார் போட மறந்துவிட்டேன். மத்தியானம் தொட்டியில் தண்ணீர் இல்லை.

அக்டோபர் 15, புதன்

பழைய பதிப்பைத் திரும்பப் போட்டு, ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் தேதிகளைச் சரிபார்க்கச் சொல்லி அறிவிப்பு அனுப்பினேன். காரணமும் கிடைத்துவிட்டது. பைரோஜாவின் பகுதி காலாவதித் தேதியைக் கொடுக்கிறது. தாணுவின் பகுதி அதை ரத்தம் எடுத்த தேதி என்று நினைத்து மேலும் ஐந்து நாள் கூட்டுகிறது. செத்த பை ஐந்து நாள் உயிரோடு இருப்பதாகக் காட்டுகிறது. ஒரே வரியில் முட்டினால்தான் கம்ப்யூட்டர் சொல்லும். வேறு வேறு வரியில் இருந்துகொண்டு ஒன்றையொன்று கெடுத்தால் சொல்லாது.

ஒருத்தி தெளிவாகச் சொல்லவில்லை. ஒருத்தன் தெளிவாகக் கேட்கவில்லை. இதுதான் நடந்தது.

அந்தப் பெண் பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் தகவல் அனுப்பினார். பிறகு என்ன? நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். இரவு சாப்பிட உட்காராமல் அனுப்பிய அறிவிப்பை மறுபடியும் படித்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

இப்படி ஏதாவது நடந்தால் என்ன நடந்தது என்று பொதுப் பக்கத்தில் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். எழுதினேன். நிதானமாக, யாரையும் புண்படுத்தாமல். ‘இரு பொறுப்பாளர்களிடையே போதிய தகவல் பரிமாற்றம் இல்லாததால்’ என்று போட்டேன். அதைவிட உண்மை எதுவும் இல்லை.

பைரோஜா உடனே தனியாகக் கேட்டாள்: கூட்டல் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேனே, தாணு சாருக்குப் போகவில்லையா? போயிருக்கும், அவருக்குக் கவனம் போதாது என்று பதில் எழுதினேன். தாணு கேட்டான்: ஏதோ சில்லறை மாற்றம் என்றுதானே சொன்னீர்கள்? அவள் தெளிவாக எழுதவில்லை என்று அவனுக்குப் பதில் போட்டேன். இரண்டிலும் பொய் என்று ஒன்றும் இல்லை. இரண்டு பேருமே அப்படிப்பட்டவர்கள்தான்.

அக்டோபர் 18, சனி

இரண்டு பேரிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. குற்ற உணர்ச்சியாக இருக்கும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. வெடி எல்லாம் நமுத்துவிட்டது.

அக்டோபர் 22, புதன்

பகல் பதினொரு மணி வாக்கில் வாசலில் கார். பைரோஜாவின் கணவர் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். முன் கதவிலிருந்து தாணு இறங்கினான், பின் கதவிலிருந்து பைரோஜா. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவனைப் புதிய பேருந்து நிலையத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். அதாவது ஏற்கெனவே பேசி வைத்து வந்திருக்கிறார்கள். என் வீட்டுக்கு வருவதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

தாணு ஒரு டப்பா முந்திரிக்கொத்து, அவன் ஊர்ப் பலகாரம், கொண்டுவந்தான். இவர்களை நான் திரையில்தான் பார்த்திருக்கிறேன். அவன் நினைத்ததைவிடக் குள்ளம். அவள் நினைத்ததைவிட வயதானவள், காதோரம் நரை. கணவர் நல்ல மனுஷன் மாதிரி தெரிந்தார். கொஞ்ச நேரத்தில் காரில் ஏதோ பார்க்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார். மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு, வடிவு டீ போட்டாள். வெகுநாள் தெரிந்தவள் மாதிரி பைரோஜா அடுக்களைக்குப் போய் டம்ளர் எடுத்துக் கொடுத்தாள்.

சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்தேன். தயாராகத்தான் இருந்தேன். சண்டை போடவில்லை. பொதுப் பக்கத்தில் என் அறிக்கையைப் படித்ததும் பைரோஜா தாணுவுக்கு நேராகப் போன் போட்டிருக்கிறாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு. நீங்கள் இதைச் சொன்னீர்களா, எனக்கு இப்படித்தான் வந்தது, நான் இப்படிச் சொன்னேனே என்று ஒவ்வொன்றாகப் பேசிப் பார்த்திருக்கிறார்கள். வேகத்தைப் பற்றி அவன் எழுதிய முழுப் பக்கம், அவள் பாராட்டியது, தேதி எல்லாம். முழுசையும் தாணு சொல்லச் சொல்ல, அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி.

சண்டை வரக் கூடாது என்றுதான் சுருக்கினேன் என்றேன். சுருக்கவில்லையென்றால் நீங்கள் இரண்டு பேரும் இந்தத் திட்டத்தை எப்போதோ குழிதோண்டிப் புதைத்திருப்பீர்கள் என்றேன். நான் சொன்னது நியாயம். ஒரு வருஷமாக இது ஓடியதே என்னால்தான்.

தாணு டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்: “அண்ணாச்சி, அதெல்லாம் போட்டும். ஒண்ணு மட்டும் கேக்கணும். போன மாசம் நான் மன்னிப்பு கேட்டேம்லா, அவங்ககிட்ட சொல்லுங்கன்னு. அத ஏன் சொல்லல?”

“அது வேலைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் தம்பி.”

பைரோஜா என்னைப் பார்த்துச் சொன்னாள், மெதுவாகத்தான்: “எனக்கு அது ஒண்ணுதான் அண்ணாச்சி சம்பந்தம். அது வந்திருந்தா நான் அன்னைக்கே அவருக்குப் போன் போட்டிருப்பேன். தேதி விஷயத்த நானே சொல்லியிருப்பேன். அந்த ஆளு கோவில்பட்டில இருந்து நாகர்கோவிலுக்கு வந்திருக்க வேண்டியதே இல்ல.”

வடிவு அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். யாருக்காவது இன்னும் டீ வேண்டுமா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கிளம்பும்போதுதான் விஷயத்துக்கு வந்தார்கள். இரண்டு பகுதிகளையும் அவர்களே உட்கார்ந்து இணைத்துவிட்டார்கள், டாக்டர் எஸ்தரை வைத்துச் சோதித்தும் விட்டார்கள். இனிமேல் ஒருவர் எழுதுவதை மற்றவர் வரிக்கு வரி படித்துச் சரி என்றால்தான் சேரும். பேச்செல்லாம் பொதுப் பக்கத்தில். நான் விரும்பினால் தொடர்ந்து இருக்கலாம், ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதித் தரலாம் என்றான் தாணு. அதாவது இணைக்கிற உரிமை என்னிடம் இல்லை. முந்திரிக்கொத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பைரோஜா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே வடிவிடம் வருகிறேன் அக்கா என்றாள். என்னிடமும் சொன்னாள். சொல்லாமல் போயிருக்கலாம்.

அக்டோபர் 23, வியாழன்

இரண்டு பிள்ளைகள் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்திவிட்டுப் போகிறார்கள். தாணுவின் வயதில் நான் ஒரு முழு எக்ஸ்சேஞ்சையே நடத்தியவன். புயலில் கம்பம் சாய்ந்தபோது மூன்று தாலுகாவுக்கு லைன் கொடுத்தவன். இவர்களுக்கு என்ன தெரியும்?

வடிவிடம் சொன்னேன், நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று. அவள் சீருடைப் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

“பவித்ரா ஏன் எங்கிட்டயே பேசுதான்னு கேப்பீங்கல்லா. ஒங்ககிட்ட ஒண்ணு சொன்னா அது போய்ச் சேரும்போது வேற ஒண்ணா ஆயிருதுன்னு அவ சொல்லுவா. நான்தான் ஒங்ககிட்ட சொல்லல.”

பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். சொல்லவில்லையாமே. அப்படியென்றால் நடுவில் நின்று விழுங்குகிறவள் அவளும்தானே? எழுப்பிக் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

புதிய பதிப்பு வெளியாகிவிட்டது. நான் இல்லாமல். வரிக்கு வரி படித்துப் பார்த்தேன், எங்கேயாவது ஓட்டை இருக்காதா என்று. ஒரு எழுத்துப்பிழை இருந்தது. சொல்லவில்லை. அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

முகப்பில் பொறுப்பாளர்கள் பெயரில் என் பெயர் அப்படியே இருக்கிறது. எடுக்க மறந்திருப்பார்கள்.

நவம்பர் 5, புதன்

எழுத்துப்பிழையைச் சொல்லிவிட்டேன். பொதுப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கிற மாதிரி. பைரோஜா திருத்திவிட்டு நன்றி என்று போட்டாள். அசல் நன்றியா, வெறும் மரியாதையா என்று அதில் தெரியாது.

நவம்பர் 11, செவ்வாய்

பொதுப் பக்கத்தில் காலையிலிருந்து இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள். அரிய வகை ரத்தத்தை எப்படி வரிசைப்படுத்துவது என்று. ‘இது சரிப்படாது, யோசிக்காம எழுதியிருக்கீங்க’ என்று அவள். ‘நீங்க கடைசி வரியப் படிக்கவே இல்ல’ என்று அவன். ஊரே பார்க்கிறது, வெட்கமே இல்லை. நான் இருந்தால் இதில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்தவருக்குப் போயிருக்கும். இதோடு இரண்டு பேரும் பிரிந்துவிடுவார்கள் என்று நினைத்து, மத்தியானத் தூக்கத்தையும் விட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

நாலு மணிக்கு அவள், ‘சரி, கடைசி வரி படிச்சேன். நீங்க சொல்றதுல பாதி சரி’ என்று எழுதினாள். அவன் மீதிப் பாதியை மாற்றினான். ஆறு மணிக்குள் சேர்ந்துவிட்டது. பிறகு அவள் உம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று அவன் கேட்டிருந்தான். அதையும் பொதுவில்.

இப்படியும் ஒரு வேலை நடக்குமா?

நவம்பர் 16, ஞாயிறு

பவித்ராவுக்கு நானே போன் போட்டேன். மோட்டார் மாற்றியதைச் சொன்னேன். அவள் நல்லது என்றாள். மழையா என்று கேட்டாள், மழைதான் என்றேன். அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்றேன். வேண்டாம், உங்களிடமே சொல்கிறேன் என்று ஆபீசில் ஏதோ இடமாற்றம் பற்றிச் சொன்னாள். பாதி புரியவில்லை. அவளுக்குக் கோர்வையாகச் சொல்ல எப்போதுமே வராது.

நவம்பர் 19, புதன்

டாக்டர் எஸ்தர் பேசினார். பழைய பழக்கத்தில் என் எண்ணுக்கே அடித்திருக்கிறார். என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை என்று சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“அந்த தாணு தம்பிகிட்ட சொல்லுங்க சார், புதுசா ஒரு செவப்புப் பட்டை போட்டிருக்காரே, ஆறு மணி நேரம் அதப் பாத்துக்கிட்டு உக்காந்தா கண்ணு அவிஞ்சு போவுது. ஒரு நாளாவது இங்க வந்து எங்க கூட உக்காந்து பாத்தாரான்னு கேளுங்க. பெங்களூர்ல ஏசில இருந்துக்கிட்டு போட்டா இப்படித்தான் இருக்கும்.”

சரி என்று போனை வைத்தேன். தாணுவுக்கு எழுத உட்கார்ந்தேன். ‘திரையின் நிறத்தைச் சற்று மென்மையாக்கினால் நல்லது என்று டாக்டர் கருதுகிறார்.’ கை தானாக அப்படித்தான் எழுதியது. ஒரு தடவை படித்தேன். அழித்தேன்.

அசல் சரக்குதானே வேண்டும் இவர்களுக்கு, வாங்கிக்கொள்ளட்டும். டாக்டர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். கண்ணு அவிஞ்சு போவுது, ஏசில இருந்துக்கிட்டு, எல்லாம். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அனுப்பிவிட்டுக் கறிவேப்பிலை உருவ உட்கார்ந்தேன். எப்படியும் பெரிய சண்டை ஒன்று வரும், வந்தால் அவர்கள் பாடு.

கொத்தை உருவி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

‘நல்லா திட்டியிருக்காங்க அண்ணாச்சி. நியாயந்தான், நான் அங்க வந்து பாத்ததே இல்ல. இப்பவே மாத்துறேன். அவங்க நம்பர் இருந்தா குடுங்க, நானே பேசுறேன்.’

இரண்டு தடவை படித்தேன். கோபம் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. முப்பது வருஷமாக எத்தனை பேருக்கு எத்தனை முனையை மழுக்கிக் கொடுத்திருப்பேன். மழுக்காமல் விட்டிருந்தால் யாருக்காவது உண்மையிலேயே குத்தியிருக்குமா என்று இன்றைக்குத்தான் சந்தேகமாக இருக்கிறது.

டாக்டரின் நம்பரை அனுப்பினேன். அதன்பிறகு அந்த விஷயத்தில் எனக்கு வேலை இல்லை. வடிவு வர இன்னும் நேரம் இருந்தது, சாதம் வைத்தேன்.